கடலுக்கு நடுவே அளவுகோலை எங்கே ஊன்றுவது? – பாம்பன் பாலமும் கேமரா கணக்கும்

எல்லாப் பாலமும் வளையும். ரயில் ஏறும்போது இரண்டு தூண்களுக்கு நடுவில் இருக்கிற கர்டர் கொஞ்சம் கீழே இறங்கும். ரயில் போனதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நடக்கும். இதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கத் தொய்வு என்று சொல்லப் போகிறேன். நம் ஊர்ப்பக்கம் இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியைக் கண் என்பார்கள். செங்கோட்டையைத் தாண்டிப் புனலூர் போகிற வழியில் இருக்கும் பதிமூணு கண் பாலம் சேத்தூர், ராஜபாளையம் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். நானும் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன்.

தொய்வு இருப்பது தப்பில்லை. எவ்வளவு தொய்கிறது, திரும்பி வருகிறதா, போன வருஷத்தை விட இந்த வருஷம் கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்திய ரயில்வேயில் இரும்புக் கர்டருக்குப் பொதுவான வரம்பு, கண்ணின் நீளத்தில் 600-ல் ஒரு பங்கு. பழைய பாம்பன் பாலத்தின் சாதாரணக் கண் ஒன்று 40 அடி, அதாவது சுமார் 12.2 மீட்டர். அதை 600-ஆல் வகுத்தால் 20 மில்லிமீட்டர். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலத்தில் நாம் தேடுவது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான ஓர் அசைவை.

கான்கிரீட் பாலங்களுக்குச் சுமைச் சோதனை என்று ஒன்று உண்டு. மணல் மூட்டையோ லாரியோ ஏற்றி, 24 மணி நேரம் நிறுத்தி, பிறகு இறக்கி விடுவார்கள். அடுத்த 24 மணி நேரத்தில் தொய்வு எவ்வளவு மீண்டது என்று பார்ப்பார்கள். சாதாரணக் கம்பி கான்கிரீட்டுக்கு 75 சதவீதமாவது மீள வேண்டும். முன்னழுத்தக் கான்கிரீட்டுக்கு 85 சதவீதம். மீளவில்லை என்றால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பாலத்தை உடைக்காமலே அதன் உடல்நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இதைவிட நேரடியான வழி இல்லை.

சரி, இதை எப்படி அளப்பது?

நிற்க ஓர் இடம் வேண்டும்

பழைய முறை ரொம்ப எளிமையானது. பாலத்துக்கு அடியில் சாரம் கட்டி, அதன் உச்சியில் டயல் கேஜ் வைத்து, அதன் முள் கர்டரின் அடிப்பாகத்தைத் தொடுகிற மாதிரி நிறுத்துவது. கர்டர் இறங்கினால் முள் நகரும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக்கூட வாசிக்கலாம். சாரம் கட்ட முடியாத உயரம் என்றால், பாலத்திலிருந்து மெல்லிய இரும்புக் கம்பியைத் தரை வரை இழுத்துக் கட்டி, அதன் அசைவைக் கீழே அளப்பார்கள்.

இரண்டிலும் ஒரு விஷயம் பொது: அசையாத ஓர் இடம். டயல் கேஜ் நிற்கும் சாரமே ஆடினால் அளவு குப்பை. வைப்பாற்றில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் இருக்கும், சாரம் கட்டலாம். பாம்பனில் அடியில் கடல். நீரோட்டம், அலை, காற்று. அங்கே அளவுகோலை எங்கே ஊன்றுவது?

பாலத்தை அளக்கிற வரலாறு முழுக்க இந்த ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது என்பது படிக்கப் படிக்கத்தான் எனக்குப் புரிந்தது. கருவியின் நுட்பம் அடுத்த விஷயம்தான்.

பாம்பன் தன் நிலையைச் சொன்ன விதங்கள்

பழைய பாம்பன் பாலத்தின் வேலை 1911-ல் தொடங்கியது. 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தார்கள். 145 சாதாரணக் கண்கள், நடுவில் கப்பலுக்கு வழிவிட ஷெர்சர் தூக்குப் பாலம். அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஷெர்சர் பெயரில் அமைந்த வடிவமைப்பு அது. இரண்டு இறக்கைகள் எதிரெதிரே நிற்கும். ஆடுகிற நாற்காலி பின்னால் சாய்வது போல ஒவ்வொன்றும் தன் வளைந்த அடிப்பாகத்தில் உருண்டு மேலே எழும். அதைத் திறக்க மோட்டார் கிடையாது. ஆட்கள் கம்பியைப் பிடித்துச் சுற்றுவார்கள்.

பாலத்தின் நிலையை ரயிலுக்குச் சொல்ல அங்கே முக்கியமாக இருந்தது காற்றுமானி. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் நிற்கும். யோசித்துப் பாருங்கள், இது பாலத்தை அளப்பதில்லை. பாலத்தின் மேல் வருகிற ஆபத்தை அளக்கிறது. பாலத்தை நேராக அளக்க முடியாத இடத்தில் இது ஒரு புத்திசாலித்தனமான மாற்று.

1964 டிசம்பர் புயல் கதை எல்லோருக்கும் தெரியும். தனுஷ்கோடி அழிந்தது, ரயிலோடு பயணிகள் போனார்கள், பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலுக்குள் விழுந்தன. தூக்குப் பாலம் மட்டும் நின்றது. இ. ஸ்ரீதரன் தலைமையில் கர்டர்களைக் கடலிலிருந்தே மீட்டெடுத்து 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். அந்தச் சாதனையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நகர்கிறேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கப்புறம் நடந்தது. உப்புக்காற்று நிறுத்தாமல் இரும்பைத் தின்றது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் துருவை ஆராயவே ஒரு களம் வைத்திருக்கிறது என்றால் அந்தக் காற்று எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2007-ல் மீட்டர் கேஜ் அகலப் பாதை ஆனது. 2018 டிசம்பரில் தூக்குப் பாலத்தில் விரிசல் தெரிந்து, சில மாதம் ரயில் நின்றது. பிறகு ஐஐடி மெட்ராஸ் வல்லுநர்களைக் கொண்டு பாலத்தில் சென்சார்கள் பொருத்தினார்கள். 2022 டிசம்பரில் அந்தச் சென்சார்கள் எச்சரிக்கை கொடுத்தன. டிசம்பர் 23-லிருந்து பாலத்தில் ரயில் ஓடவில்லை. ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தார்கள். பழைய பாலம் அதோடு ஓய்ந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்தில் புதுப் பாலம் திறந்தது. 18.3 மீட்டரில் 99 கண்கள், நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு கண் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே ஏறும்.

108 வருஷம் ஓடிய பாலத்தை விபத்து எதுவும் நடக்கும் முன்பே நிறுத்த முடிந்தது, அதன் உடம்பிலிருந்து எண்கள் வந்துகொண்டிருந்ததால்தான். இந்தியப் பாலங்களின் கதையில் இப்படி ஓர் அத்தியாயம் அபூர்வம்.

ஒட்டிவைத்த சென்சாருக்கு ஒரு குறை

இரும்பில் ஒட்டுகிற சென்சார்களில் இரண்டு வகை பிரபலம். ஸ்ட்ரெயின் கேஜ், அது ஒட்டிய இடத்தில் இரும்பு எவ்வளவு நீள்கிறது என்று சொல்லும். அக்செலரோமீட்டர், அதிர்வைச் சொல்லும். இரண்டுக்கும் வெளியே அசையாத இடம் தேவையில்லை. அதனால் கடல் நடுவே வேலை செய்யும். ஆனால் இரண்டும் தொய்வை நேராகச் சொல்லாது.

சாஃப்ட்வேர் ஆட்கள் உடனே கேட்பார்கள்: முடுக்கம் தெரிந்தால் இரண்டு தடவை இன்டக்ரேட் பண்ணினால் இடப்பெயர்ச்சி வந்துவிடாதா? ஏட்டில் வரும். நடைமுறையில், சென்சாரில் ஒரு சின்ன நிலையான பிழை இருக்கட்டும். விநாடிக்கு விநாடி 0.001 மீட்டர் என்று வைப்போம், புவியீர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு நிமிஷம் இன்டக்ரேட் பண்ணினால் பாதி × 0.001 × 60 × 60 = 1.8 மீட்டர் பிழை. நாம் தேடுவதோ 20 மில்லிமீட்டர்! வடிகட்டி போட்டுக் குறைக்கலாம். ஆனால் ரயில் மெதுவாக ஊர்ந்து போகும்போது பாலம் மெதுவாக இறங்கி மெதுவாக ஏறும். அதில் முடுக்கம் என்று பேருக்குத்தான் இருக்கும். வடிகட்டி பிழையைத் தூக்கி எறியும்போது அந்த மெல்லிய தொய்வையும் சேர்த்து எறிந்துவிடும்.

ஆக, வேகமான அதிர்வுக்கு அக்செலரோமீட்டர் நல்ல காது. மெதுவான தொய்வுக்கு ஒரு கண் வேண்டும், அதுவும் பாலத்தின் மேல் இல்லாமல் வெளியே அசையாத இடத்தில்.

தொலைவில் நின்று அளந்தவர்கள்

தொலைவில் நின்று பெரிய பொருளை அளப்பது புதிதல்ல. வில்லியம் லாம்டன் 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரு முக்கோண அளவையே அதுதான். அரை டன் எடையுள்ள தியோடலைட்டை உயரமான இடங்களில் ஏற்றி, தூரத்துப் புள்ளிகளின் கோணத்தை மட்டும் வாசித்து நாட்டையே அளந்தார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தன் கையாலேயே அதைச் சரிசெய்தார்.

அரை நூற்றாண்டு கழித்து, 1858-ல், ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்த இளம் கட்டடக் கலைஞர் ஆல்பிரெக்ட் மைடன்பாவர் மேலிருந்து விழுந்து சாகத் தெரிந்தார். சுவரில் தொங்கி அளப்பதற்குப் பதிலாக ஒரு புகைப்படம் எடுத்து அதை அளந்தால் என்ன என்ற யோசனை அவருக்கு அப்போது வந்தது. பிரான்ஸில் லாஸ்தா என்ற ராணுவ அதிகாரியும் அதே காலத்தில் அதே வழியில் போய்க்கொண்டிருந்தார். ஒளிப்பட அளவையியல் என்ற துறை இப்படிப் பிறந்தது.

தியோடலைட்டும் கேமராவும் அண்ணன் தம்பி. தியோடலைட் ஒரு நேரத்தில் ஒரு திசையை வாசிக்கும். கேமராவில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு திசை. ஒரு கோடி பிக்சல் என்றால் ஒரு கோடி தியோடலைட்டுகள் ஒரே சமயத்தில் வாசிக்கிற மாதிரி.

டகோமா படத்தில் ஒளிந்திருந்த பிழை

அசைகிற பாலத்தைக் கேமரா பிடித்ததில் மிகப் பிரபலமானது அமெரிக்காவின் டகோமா நேரோஸ் பாலம். 1940 ஜூலை 1 அன்று திறந்து, நவம்பர் 7 அன்று காற்றில் முறுக்கி விழுந்தது. பொறியியல் படித்த யாரும் அந்தப் படத்தைப் பார்க்காமல் பட்டம் வாங்கியிருக்க மாட்டார்கள். எங்கள் வகுப்பிலும் காட்டினார்கள்.

இதில் அதிகம் பேர் அறியாத ஒரு பின்கதை உண்டு. பாலம் முறுக்கியபோது கரையில் நின்றவர்கள் ஸ்டாப்வாட்சில் எண்ணியது நிமிஷத்துக்கு 12 அலைவு. ஆனால் நாம் பார்க்கிற வீடியோவில் எண்ணினால் 18 வருகிறது. 2015-ல் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் டொனால்ட் ஓல்சனும் நண்பர்களும் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். விநாடிக்கு 16 பிரேம் எடுத்த படத்தை, பிற்காலத்தில் மாற்றியவர்கள் 24 பிரேம் என்று நினைத்து ஓட்டியிருக்கிறார்கள். 24-ஐ 16-ஆல் வகுத்தால் ஒன்றரை. 12-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 18. அவ்வளவுதான்!

பல தலைமுறை மாணவர்கள் ஒன்றரை மடங்கு வேகமாக ஆடுகிற பாலத்தைப் பார்த்திருக்கிறார்கள். படம் பொய் சொல்லவில்லை. படத்தோடு ஒட்டியிருந்த ஓர் எண் தொலைந்துபோனது. அளக்கிற கேமராவுக்கு மூன்று எண்கள் வேண்டும்: எவ்வளவு தூரம், எந்த லென்ஸ், விநாடிக்கு எத்தனை பிரேம். இதில் ஒன்று தப்பானாலும் மிச்சமிருப்பது வெறும் வீடியோ.

கணினி பார்க்கத் தொடங்கியது

1981-ல் புரூஸ் லூகாஸ், தக்கேயோ கனாடே இருவரும் ஒரு படத்துண்டு அடுத்த படத்தில் எங்கே நகர்ந்தது என்று கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றும் ஓப்பன்சிவியில் ஒரே வரியில் அழைக்கிற முறை அது. 1982-ல் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் பீட்டர்ஸ், ரேன்சன் இருவரும் இதையொத்த யோசனையைப் பொருட்களின் திரிபை அளக்கப் பயன்படுத்தினார்கள். ஒரு பிக்சலுக்கும் குறைவான நகர்வைக்கூட ஒளியின் ஏற்ற இறக்கத்தை வைத்து ஊகிக்கலாம் என்பதுதான் இதன் பலம்.

1993-ல் இங்கிலாந்தின் ஹம்பர் தொங்கு பாலத்தின் அசைவைப் படம் வழியாகத் தொடர்ந்து அளந்த ஆய்வு வெளியானது. 1,410 மீட்டர் கண், சாரம் கட்ட யாரால் முடியும்? 2012-ல் எம்ஐடி குழு, வீடியோவில் கண்ணுக்குத் தெரியாத அசைவைப் பெரிதாக்கிக் காட்டியது. பின்னர் அதே எம்ஐடியில் ஒரு குழு, போர்ட்ஸ்மவுத் நகரின் மெமோரியல் பாலத்தின் அதிர்வைக் கேமராவால் அளந்தது. அந்தப் பாலமும் நம் புதிய பாம்பன் மாதிரி நடுக்கண் செங்குத்தாக மேலேறும் பாலம்தான்.

நம் செல்போன் போதுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பிக்சல் எத்தனை மில்லிமீட்டருக்குச் சமம் என்பது: பிக்சலின் அகலம் × தூரம் ÷ லென்ஸின் குவியத் தூரம்.

செல்போனில் பிக்சல் சுமார் 1.5 மைக்ரான், குவியத் தூரம் சுமார் 6 மில்லிமீட்டர் என்று வைப்போம். 100 மீட்டர் தள்ளி நின்றால் ஒரு பிக்சல் 25 மில்லிமீட்டர். பாம்பன் கண்ணுக்கு அனுமதித்த மொத்தத் தொய்வே 20. மொத்த விஷயமும் ஒரு பிக்சலுக்குள் முடிந்துபோகும்.

4 மைக்ரான் பிக்சல், 200 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள கேமரா என்றால் அதே தூரத்தில் ஒரு பிக்சல் 2 மில்லிமீட்டர். பிக்சலில் இருபதில் ஒரு பங்கு வரை ஊகித்தால் 0.1 மில்லிமீட்டர். இப்போது 20 மில்லிமீட்டர் என்பது தாராளமான அளவு.

ஆனால் கேமரா ஆயிரத்தில் ஒரு டிகிரி சாய்ந்தால்கூட 100 மீட்டரில் அது 1.7 மில்லிமீட்டராகத் தெரியும். ஸ்டாண்டில் காற்றுப் பட்டால் போதும். ரயில் வரும்போது கரையே அதிரும். அதனால் பாலத்தோடு சேர்த்து, அசையாத வேறொரு பொருளையும் அதே படத்துக்குள் வைத்து, இரண்டின் வித்தியாசத்தை எடுக்க வேண்டும். பார்த்தீர்களா, டயல் கேஜ் காலத்துப் பழைய கேள்வி திரும்பவும் வந்து நிற்கிறது. நிற்க ஓர் இடம் வேண்டும். கேமரா செய்தது அந்த இடத்தைக் கடலுக்குள்ளிருந்து கரைக்கு மாற்றியது மட்டும்தான். ஆனால் அந்த மாற்றமே பெரிய விஷயம்.

நம் ஊர் வெயில் இன்னொரு தலைவலி. சித்திரை மதியம் தார் ரோட்டில் கானல் ஆடுமே, அந்தச் சூட்டுக்காற்று வழியாகப் பார்த்தால் அசையாத தூணும் நெளியும். விடியற்காலையில் அளப்பதுதான் புத்தி.

பிரேம் வேகம் பற்றி ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கு அடித்தால் சுற்றுகிற கதிர் நிற்பது போலத் தெரியும். விளக்கின் வேகமும் கதிரின் வேகமும் ஒத்துப்போனதால் வருகிற தோற்றம் அது. கேமராவும் விட்டு விட்டுப் பார்க்கிற கண்தான். விநாடிக்கு 30 பிரேம் எடுத்தால் 15 தடவைக்கு மேல் ஆடுகிற அதிர்வு, மெதுவான வேறோர் அசைவாக வேஷம் போடும்.

இது யாருக்குத் தேவை?

பாம்பனுக்கு ஐஐடி வந்தது, சென்சார் வந்தது, புதுப் பாலமும் வந்தது. அது தேசம் பார்க்கிற பாலம். சேத்தூரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ரோட்டில் போனால், மலையிலிருந்து இறங்குகிற எத்தனை ஓடையைத் தாண்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த மாதிரி சின்னப் பாலங்கள் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சென்சார் ஒட்டி, வயர் இழுத்து, பேட்டரி மாற்ற ஆள் வைக்க யாராலும் முடியாது. ஆனால் ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஒரு லேப்டாப் எடுத்துக்கொண்டு ஓர் ஆள் ஒரு நாளில் நாலு பாலம் பார்த்துவிட்டு வரலாம். எடை தெரிந்த ஒரு லாரியை மெதுவாக ஓட்டி, தொய்வைப் பதிந்து, அடுத்த வருஷம் அதே லாரி எடையில் திரும்ப எடுத்து ஒப்பிடலாம். ஒரு தடவை எடுத்த எண்ணை விட வருஷா வருஷம் எடுத்த பத்து எண்கள் பாலத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

கேமரா பார்க்காததையும் சொல்லிவிட வேண்டும். கான்கிரீட்டுக்குள் துருப்பிடித்த கம்பி, பாதிப்பு தொய்வில் தெரியும் அளவுக்கு வளரும் வரை அதற்குத் தெரியாது. தண்ணீருக்கு அடியில் தூணைச் சுற்றி மண் அரிப்பதும் தெரியாது. மகாராஷ்டிராவில் மகாட் அருகே சாவித்திரி ஆற்றின் பழைய கல் வளைவுப் பாலம் 2016 ஆகஸ்ட் 2 இரவு வெள்ளத்தில் போனபோது இரண்டு அரசு பஸ்களையும் கூட்டிக்கொண்டு போனது. அந்த மாதிரி ஆபத்துக்கு ஆற்றின் அடியைப் பார்க்கிற ஆள் வேண்டும். ஆக, கேமரா ஆய்வாளருக்கு மாற்று இல்லை. ஆய்வாளர் எழுதும் "நன்றாக உள்ளது" என்ற இரண்டு வார்த்தைக்குப் பக்கத்தில் ஓர் எண்ணை எழுத உதவுகிற கருவி.

விருப்பம் உள்ளவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேலை இரண்டு செங்கலுக்கு மேல் படுக்க வைத்து, நடுவில் கறுப்புப் புள்ளி ஒட்டிய ஒரு காகிதத்தைத் தொங்கவிடுங்கள். பின்னால் சுவரிலும் ஒரு புள்ளி. செல்போனைச் செங்கலோடு இறுக்கிக் கட்டி ஒரு படம் எடுங்கள். ஸ்கேல் நடுவில் எடைக்கல் வைத்து இன்னொரு படம். இரண்டு படத்திலும் புள்ளிகளுக்கு இடையே எத்தனை பிக்சல் மாறியது என்று எண்ணுங்கள். ஸ்கேலின் நீளம் எத்தனை பிக்சல் என்பதை வைத்து அதை மில்லிமீட்டராக மாற்றிக்கொள்ளலாம். எடையை இரட்டித்தால் தொய்வும் இரட்டிக்கும். அதே எடையில், செங்கல்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். எண்கள் இதற்கு எவ்வளவு கிட்ட வருகின்றன என்று பாருங்கள். தள்ளிப் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்கேலை அல்ல, செல்போன் கட்டிய செங்கலை.